பேனலின் முதுகில் ஒரு கம்பி

அரியலூர்,
8.10.2006

அன்புள்ள மாப்பிள்ளை மதுரைவீரன் அவர்களுக்கு, மைத்துனன் பஞ்சநாதன் எழுதுவது.

உடம்பு எப்படி இருக்கிறது, சாப்பாடு எப்படி என்பதையெல்லாம் ஞாயிற்றுக்கிழமை போனில் விசாரித்துவிட்டதாகத் தங்கை அமிர்தவல்லி சொன்னாள். நீங்கள் இளைத்துவிட்டீர்களாம். போனில் எப்படித் தெரிந்தது என்று கேட்டேன், குரலே இளைத்திருக்கிறது என்கிறாள். என்னவோ போங்கள். இங்கே நாங்கள் எல்லோரும் சுகம். பானுப்ரியாவை ஆண்டிமடத்தில் பால்வாடிக்கு அனுப்புகிறார்கள். முதல் வாரம் அழுதாளாம், இப்போது வீட்டுக்கு வர மாட்டேன் என்று அழுகிறாளாம்.

நானும் போனிலேயே பேசலாம்தான். ஆனால் ஃபேக்டரி என்ற வார்த்தையை எடுத்தாலே உங்கள் பக்கம் லைன் கட்டாகிவிடுகிறது. நாலு வருஷமாக மஸ்கட் டெலிபோன்காரன் மேல் பழியைப் போட்டுக்கொண்டிருக்கிறீர்கள். கடிதத்தை அப்படிக் கட் பண்ண முடியாது பாருங்கள். கிழித்தால்கூட ஒரு தரம் படித்துவிட்டுத்தான் கிழிப்பீர்கள்.

விஷயம் இதுதான். நம் ஐ.டி. ஃபேனின் வைப்ரேஷன் மாட்யூல்களைக் கடைசியில் மாற்றப் போகிறார்கள். சூளையின் சூட்டை இழுக்கிற அவ்வளவு பெரிய ஃபேனுக்குக் காவல் அந்த எட்டு கார்டுதான். பேரிங் அளவுக்கு மீறி ஆடினால் ஃபேனை நிறுத்த வேண்டியது அவைதான். நாம் இருவரும் வேலைக்குச் சேர்ந்தபோதே அவை கிழடு. செய்த கம்பெனி அந்த மாடலை நிறுத்திப் பத்து வருஷம் ஆகிறது. ஒரு கார்டு போனால் இன்னொன்றிலிருந்து பாகத்தைப் பிடுங்கிப் போட்டுத்தானே ஓட்டினோம்? சித்திரை வெயில் ஏறினால் காரணமே இல்லாமல் ஃபேனை நிறுத்திவிடும். சூளை ஆறிவிடும். திரும்பக் காய்ச்ச ஒரு பகல் ஆகும். மேலே இருந்து திட்டு வரும். அதற்குப் பயந்துதான் ஜம்பர் போடும் வழக்கமே வந்தது. இரண்டு திருகுக்கு நடுவில் ஒரு சாண் கம்பி. அது இருந்தால் பேரிங் எவ்வளவு ஆடினாலும் ஃபேன் நிற்காது. எல்லா ஷிப்டிலும் எல்லோரும் போட்டோம். மாட்டிக்கொண்டு வேலையை இழந்தவர் நீங்கள்.

எழுதிவிட்டேன். கோபப்படுங்கள், பரவாயில்லை.

நாளை மறுநாள் சூளையை நிறுத்துகிறார்கள், ஒன்பது நாள். சென்னையிலிருந்து சுகன்யா என்று ஒரு இன்ஜினீயர் வந்திருக்கிறாள். இருபத்தைந்து வயதுக்கு மேல் இருக்காது. ஒவ்வொரு கம்பியையும் கழற்றுவதற்கு முன்னால் எங்கிருந்து எங்கே போகிறது என்று எழுத வேண்டுமாம். முந்நூறு கம்பிக்கு மேல் இருக்கிறதம்மா என்றேன். முந்நூறையும் எழுதுவோம் சார் என்கிறாள். நீங்களும் அவளும் சேர்ந்தால் நன்றாக ஒத்துப்போகும். கம்பி முனையை நான் இரட்டையாக மடித்துத் திருகில் செருகுவதைப் பார்த்து, பாவாடைக்கு ஓரம் அடிக்கிறானாம் பஞ்சு என்று கேலி செய்வீர்களே, அதையேதான் அவளும் வேறு மாதிரி சொன்னாள்.

உங்களை ஒன்று கேட்க வேண்டும். பழைய டிராயிங்கைக் கரையான் தின்றுவிட்டது. அந்தக் கார்டுகள் இருக்கும் பேனல் உங்களுக்கு மனப்பாடம். டெர்மினல் எண்களை ஒரு தாளில் எழுதி அனுப்ப முடியுமா? வேலை முடிவதற்குள் வந்து சேராது, தெரியும். இருந்தாலும் எழுதுங்கள். பேரீச்சம்பழக் கிடங்கில் பெட்டி அடுக்கும் கை இன்னும் அதை மறக்கவில்லை என்று நான் தெரிந்துகொள்ள வேண்டும்.

தீபாவளிக்குக் குழந்தைக்குச் சிவப்புப் பாவாடை எடுத்தாயிற்று. அப்பா எடுத்தது என்றே சொல்லச் சொல்லியிருக்கிறேன்.

உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
பஞ்சநாதன்


அரியலூர்,
19.10.2006

அன்புள்ள வீரா,

மாப்பிள்ளை அவர்களுக்கு என்று எழுதி இரண்டு தாளைக் கிழித்துவிட்டேன். கல்யாணத்துக்கு அப்புறம் உங்களை நான் நீ என்று கூப்பிட்டதில்லை. ஆனால் இந்தக் கடிதத்தை மாப்பிள்ளைக்கு எழுத முடியவில்லை. என்னோடு ஒரே ஸ்டூலில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்தவனுக்குத்தான் எழுத முடியும். பொறுத்துக்கொள். முழுசாகப் படி. நடுவில் மடித்து வைத்துவிடாதே.

மூன்றாம் நாள் காலையில் பழைய பேனலின் முதுகுப் பக்கத்துக்குப் போனோம். உனக்குத் தெரியும், சுவருக்கும் அதற்கும் நடுவில் ஒரு அடிதான் இடம். எல்லாவற்றின் மேலும் சிமெண்டுத் தூசி ஒரு விரல் கனத்துக்கு உட்கார்ந்திருந்தது. சுகன்யா டார்ச்சைப் பிடித்துக்கொண்டு எண்களைச் சொல்ல நான் எழுதினேன். திடீரென்று எண் சொல்வதை நிறுத்திவிட்டு, "சார், இங்க ஒரு வயர் எங்கயுமே போகலையே. இந்த ஸ்க்ரூவுல இருந்து பக்கத்து ஸ்க்ரூவுக்கு வருது, அவ்ளோதான்" என்றாள்.

நான் உள்ளே சாய்ந்து தூசியை ஊதினேன். கறுப்புக் கம்பி. ஒரு சாண். இரண்டு முனையும் இரட்டையாக மடித்துச் செருகியிருந்தது.

அந்த ஃபேக்டரியில் முனையை மடிப்பவன் நான் ஒருவன்தான் வீரா.

உன் ஜம்பர் முன்பக்கம், டெர்மினல் வரிசையில் இருந்தது. விபத்தன்றைக்கே எல்லோரும் பார்த்தார்கள். உன் கையெழுத்தில் தேதி எழுதிய சீட்டுகூட அதில் கட்டியிருந்தது. மறைக்கத் தெரியாதவன் நீ. அதைக் கழற்றிக் கவரில் போட்டு விசாரணைக்குக் கொண்டுபோனார்கள். பின்பக்கம் யாரும் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. அங்கே இதே ஃபேனை நிறுத்தும் இதே டிரிப் லைனுக்கு, இரண்டாவது ஜம்பர் ஒன்று இருந்திருக்கிறது. என்னுடையது.

எப்போது போட்டேன் என்று பழைய லாக் புத்தகங்களைப் புரட்டினேன். 2002 ஏப்ரல் பதினேழு. ஃபேன் ஓடும்போதே ஒரு கார்டை மாற்றியிருக்கிறேன். கார்டை உருவினால் ஃபேன் நின்றுவிடும் என்பதால் பின்னால் ஜம்பரைப் போட்டுக்கொண்டு மாற்றியிருக்கிறேன். அடுத்த வரியில், வீட்டு விசேஷம், பாதி நாள் லீவு என்று என் கையெழுத்தே இருக்கிறது. அன்றைக்குத்தான் கேட்டில் இருந்து ஓடி வந்து, அமிர்தவல்லிக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது என்று சொன்னார்கள். நீ ஆஸ்பத்திரியில் இருந்தாய். நான் கையைக்கூடக் கழுவாமல் ஆண்டிமடம் பஸ்ஸில் ஏறினேன். பானுப்ரியாவை முதலில் வாங்கிய என் கையில் கிரீஸ் இருந்தது என்று அமிர்தவல்லி இன்றும் சொல்லிக்காட்டுவாள். கம்பியை மறந்துவிட்டேன். மறுநாளும் மறந்துவிட்டேன். அப்புறம் அது என் நினைவிலேயே இல்லை.

அதற்கு நாலு மாதம் கழித்துத்தான் பேரிங் உடைந்தது. ஃபேன் நிற்கவில்லை. பேரிங் மூடி பறந்து வந்து, பக்கத்தில் வேலை செய்துகொண்டிருந்த கண்ணையனின் வலது காலை முழங்காலுக்குக் கீழே கொண்டுபோயிற்று.

ஊரைவிட்டுப் போன புதிதில் நீ எனக்கு ஒரு கடிதம் எழுதினாய். அன்று மதியம் ஜம்பரைக் கழற்ற ஸ்க்ரூடிரைவரோடு பேனல் வரைக்கும் போனேன், இருக்கட்டும் விடு என்று மேலே இருந்து சொன்னார்கள், திரும்பிவிட்டேன், கழற்றியிருந்தால் கண்ணையன் காலோடு இருப்பான் என்று எழுதியிருந்தாய். அதைப் படித்துவிட்டு நான் உனக்கு ஆறுதல் சொன்னேன். நான் சொன்னேன்! என் கம்பி பின்னால் இருக்கும்போது.

நீ அன்று கழற்றியிருந்தாலும் ஃபேன் நின்றிருக்காது வீரா. இதைத்தான் உனக்குச் சொல்ல வேண்டும். மற்றதெல்லாம் சும்மா. உன் ஜம்பர் தப்பில்லை என்று நான் சொல்லவில்லை, அது தப்புதான். ஆனால் நீ நாலு வருஷமாக எந்தக் கணத்தை நினைத்து நினைத்துச் சாகிறாயோ, அந்தக் கணத்தில் நீ எதைச் செய்திருந்தாலும் அந்தக் கால் போயிருக்கும். அது என் கையில் இருந்தது.

இன்னும் கேவலம் ஒன்று இருக்கிறது. விபத்துக்கு அப்புறமும் நாலு வருஷம் அந்த ஃபேன் காவல் இல்லாமல்தான் ஓடியிருக்கிறது. மாதாமாதம் நான்தான் டெஸ்ட் பண்ணிக் கையெழுத்துப் போட்டேன். என்ன டெஸ்ட்? பட்டனை அமுக்குவது, சிவப்பு விளக்கு எரிகிறதா என்று பார்ப்பது. விளக்கு எரிந்தது. ஃபேன் நிற்குமா என்று ஒரு தடவைகூட நிறுத்திப் பார்க்கவில்லை. நிறுத்தினால் சூளை ஆறிவிடுமே. நாற்பத்தெட்டு கையெழுத்து. ஆண்டவன் புண்ணியம், பேரிங் இரண்டாம் தரம் உடையவில்லை.

சுகன்யா என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டாள் போல. பழைய பேனல் காயலான் கடைக்குத்தான் போகிறது. கம்பியை வெட்டி பாக்கெட்டில் போட்டிருந்தால் யார் போட்டது என்று இந்த உலகத்தில் ஒருவருக்கும் நிச்சயமாகத் தெரிந்திருக்காது. பொய் சொல்ல மாட்டேன், கட்டிங் பிளேயரைக் கையில் எடுத்தேன். அப்புறம் அவளிடம், எழுதிக்கொள்ளம்மா, ஜம்பர், போட்டவன் பஞ்சநாதன் என்றேன். எழுதினாள். நானும் லாக் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். கதவைச் சாத்தச் சொன்னார். பழையதைக் கிளறி என்ன ஆகப்போகிறது, பழைய பேனலோடு அதுவும் போகட்டும் என்றார். முடியாது என்றேன். விசாரணை வரும், வேலையே போகலாம் என்றார். வரட்டும் என்றேன். உன் ஃபைலில் நீ ஒருவன்தான் காரணம் என்று எழுதியிருக்கிறது. அந்த வரியை மாற்றும்வரை விடமாட்டேன்.

அன்று சாயங்காலமே கீழப்பழுவூருக்குப் போய்க் கண்ணையனைப் பார்த்தேன். அவன் மனைவி சின்னம்மாள் டீ கொடுத்தாள், வாங்கிக் கீழே வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவன் கட்டைக்காலைக் கழற்றி மடியில் வைத்துத் துடைத்துக்கொண்டே கேட்டான். "நாலு வருசமா வீரனத் திட்டிக்கிட்டுக் கெடந்தேன். இப்ப ஒங்களையும் சேத்துத் திட்டணுமா?" என்றான். திட்டு என்றேன். அதற்கு அவன், "அது அப்பறம். புதுசா மாட்டுறீங்களே, அது நிக்குமா? விளக்கு எரியிறதக் காட்டாதீங்க. நிக்கிறதக் காட்டுங்க" என்றான்.

பதினெட்டாம் தேதி, நேற்று, காட்டினேன். சூளையில் இன்னும் தீ வைக்கவில்லை, ஃபேனை வெறும் காற்றில் ஓட்டலாம். அதற்கும் மேனேஜர் ஒப்பவில்லை. நேரம் இல்லை, இரண்டு கார்டைப் பார்த்தால் போதும், மற்றதற்கு விளக்கு எரிகிறதே என்றார். எட்டுக் கார்டும் ஃபேனை நிறுத்திக் காட்டாமல் நான் கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். சுகன்யாவும், நானும் போட மாட்டேன் சார் என்றாள். வேறு வழி இல்லாமல் ஒப்புக்கொண்டார். கண்ணையனை ஃபேன் மேடைக்கு எதிரில் நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். ஓடும் ஃபேனின் பேரிங்கிலிருந்து சென்சாரைக் கழற்றி ஆட்டும் கருவியில் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினோம். அளவைத் தாண்டியதும் டப்பென்று பிரேக்கர் விழுந்து ஃபேனுக்குக் கரண்ட் நின்றது. அந்த இரைச்சல் அடங்க நாலைந்து நிமிடம் ஆயிற்று. கண்ணையன் அது அசையாமல் நிற்கும்வரை கண்ணை எடுக்கவில்லை. எட்டுத் தடவை ஓட்டினோம். எட்டுத் தடவையும் நின்றது. மதியச் சாப்பாட்டுக்குக்கூட அவன் எழுந்திருக்கவில்லை.

கிளம்பும்போது என் தோளைப் பிடித்து எழுந்து, "வீரன வரச் சொல்லுங்க. திட்டுறதா இருந்தாலும் ஆளு எதுக்க நிக்கணும்ல" என்றான்.

அவன் சொன்னதை அப்படியே எழுதிவிட்டேன். இனி நான் சொல்வது. தை மாதம் கூலர் ஃபேன்களின் மாட்யூல்களை மாற்றுகிறார்கள். அங்கேயும் பின்பக்கம் இருக்கிறது. அதற்குள் என்னை வெளியே அனுப்பியிருந்தாலும் இருக்கலாம். அப்போது ஒவ்வொரு ஃபேனும் நின்று காட்டாமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும். உன்னைத் தவிர எனக்கு ஒருவர் பெயரும் தோன்றவில்லை. உன்னைத் திரும்ப எடுக்கச் சொல்லி யூனியன் மூலமாக எழுதிக் கொடுத்திருக்கிறேன். கூடவே என் வாக்குமூலமும்.

அமிர்தவல்லியிடம் நேற்றே சொல்லிவிட்டேன். என்னோடு பேசவில்லை. பேச வேண்டாம், அவள் கோபம் நியாயம். குழந்தை மட்டும் சிவப்புப் பாவாடையைக் கட்டிக்கொண்டு வந்து, அப்பா எப்ப வரும் மாமா என்று கேட்டாள். அதற்குப் பதில் உன்னிடம்தான் இருக்கிறது.

இந்தக் கவருக்குள் அந்தக் கம்பியின் பாதியை வைத்திருக்கிறேன். மறுபாதியை விசாரணைக்குக் கொடுத்துவிட்டேன். மடித்த முனையைத் தொட்டுப் பார். உன் கையிலிருந்து இதை இறக்கி வை. இது உன்னுடையது இல்லை.

மன்னித்துவிடு என்று காகிதத்தில் எழுதினால் நான் தப்பித்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும். நீ வா. அரியலூர் ஸ்டேஷனில் உன் எதிரில் நின்று கேட்கிறேன். அதற்கு அப்புறம் நீ என்னோடு பேசாவிட்டாலும் சரி, உன் பெட்டியை ஆண்டிமடம் வரைக்கும் நான்தான் தூக்கி வருவேன்.

பானுப்ரியாவின் அப்பா நல்லபடியாக வீடு வந்து சேரட்டும்.

இப்படிக்கு,
உன் பஞ்சு