மலையைத் தாண்டிப் போன குரல்

கெப்ராதா சேகா
செப்டம்பர் 30

அண்ணா,

என் கணவரைக் கொன்றது புயல் இல்லை. உங்கள் ரேடியோ கிளப்பின் கோபுரம்தான் கொன்றது.

எலியெசரைப் புதைத்துவிட்டோம். சாலை சரிந்து கிடப்பதால் கல்லறைக்குக் கொண்டுபோக முடியவில்லை. காப்பித் தோட்டத்திலேயே குழி வெட்டினோம். போன் இல்லை, கரண்ட் இல்லை. சரிவு வரை தண்ணீர் லாரி கொண்டுவரும் நோயெலிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

கூரைத் தகரம் அவர் தொடையைக் கிழித்தது. உடனே சாகவில்லை. காய்ச்சல் வந்து, கால் கறுத்து, மெதுவாகத்தான் போனார். நேரம் இருந்தது, அண்ணா. பள்ளிக்கூட வேனின் பேட்டரியைக் கழற்றி, என் சின்ன ரேடியோவை அதில் மாட்டி, உன்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். அந்த நேரத்தில் உங்கள் ஊர் மைதானத்தில் ஹெலிகாப்டர் நின்றதாம். எந்த மலைக்குப் போவது என்று சொல்ல ஆளில்லாமல் விமானி சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தானாம். நோயெல் சொன்னான்.

நீ மைக்கில் இருந்தாய். எனக்குத் தெரியும். அர்ஜென்டினாக்காரர் ஒருவர் உனக்குப் பதில் சொன்னது என் காதில் விழுந்தது. "வில்ஃப்ரெடோ, பிரமாதம்பா! பக்கத்து ரூம்ல உக்காந்து பேசுற மாதிரி இருக்கு!" அவருக்கு உன் குரல் கேட்டது. மலைக்கு இந்தப் பக்கம் இருக்கிற எனக்கு உன் குரல் கேட்கவில்லை, உனக்கு என் குரல் கேட்கவில்லை.

கட்டிலில் கிடந்தபடி எலியெசர் சிரித்தார். "விடுடி, உங்கண்ணன் ஸ்பெயின் ராஜாவோட பேசிட்டிருப்பான். நடுவுல போய் தொந்தரவு பண்ணாத."

போன வருஷக் கிளப் கூட்டத்தை நீ மறந்திருக்க மாட்டாய். கோபுர உயரத்தில் வைத்த ஆன்டெனா குரலைத் தூரத்துக்கு எறியும், பக்கத்து மலைகளை விட்டுவிடும். இரண்டு ஆள் உயரத்தில் கட்டிய வெறும் கம்பி குரலை நேரே மேலே அனுப்பும். அது மழை மாதிரி நம் மலைகளிலேயே இறங்கும். கிளப்பில் இது தெரியாதவர் ஒருவரும் இல்லை. கோபுரம் இருக்கட்டும், கூடவே ஒரு கம்பியும் கட்டுவோம் என்றேன். உங்கள் தலைவர், அந்தப் பல் டாக்டர் பெர்முதெஸ், "எதுக்கு டீச்சர், துணி காயப்போடவா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். "மலைக்காரங்ககூடப் பேசணும்னா சந்தையில பாத்துப் பேசிக்கலாம். அவங்க என்ன, நமக்கு அட்டையா அனுப்பப் போறாங்க?"

உங்கள் கிளப்புக்கு, ரேடியோவில் பேசிய ஒவ்வொரு நாட்டிலிருந்தும் ஓர் அஞ்சலட்டை வர வேண்டும், சுவரில் ஒட்ட வேண்டும். பக்கத்து மலையோடு பேசினால் அட்டை வராது.

கோபுரம் மட்டும் போதும் என்பவர்கள் கை தூக்குங்கள் என்றபோது நீயும் தூக்கினாய். என்னைப் பார்க்காமல் தூக்கினாய்.

மிக்தாலியா


பிளாயா மான்சா
அக்டோபர் 11

அன்புத் தங்கச்சி மிக்தாலியாவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு உன் அண்ணி லூஸ் இரண்டு வேளை சாப்பிடவில்லை. எலியெசர் எனக்கு மச்சான் மட்டுமா? என் வீட்டுக் கூரைக்குக் கான்கிரீட் போட்டவர். அவரை மண்ணில் வைக்கும்போது நான் பக்கத்தில் இல்லை என்பது எனக்கு ஆறாது.

நோயெலிடம் அரிசி, உப்புக் கருவாடு, மெழுகுவர்த்தி கொடுத்திருக்கிறேன். அண்ணி தன் போர்வையையும் வைத்திருக்கிறாள்.

நீ கோபத்தில் எழுதியிருக்கிறாய். எழுது, வேறு யாருக்கு எழுதுவாய்! ஆனால் கம்பி இருந்திருந்தால் அவர் பிழைத்திருப்பார் என்று யாரால் சொல்ல முடியும்? கிளப்பில் நான் ஒருவன் கை தூக்காவிட்டால் மட்டும் என்ன ஆகியிருக்கும்? அண்ணி டாக்டர் பெர்முதெஸின் கிளினிக்கில் வேலை பார்க்கிறாள் என்பதும் உனக்குத் தெரியும்.

அந்த நாட்களில் வெளியுலகோடு பேசியது எங்கள் நிலையம்தான் என்று எங்கெங்கோ பத்திரிகைகளில் எழுதினார்களாம். அதனால் நன்கொடை வருகிறது. பெரிய ரேடியோ, அதன் சக்தியைப் பெருக்கும் பெட்டி, முன்பைவிட உயரமான கோபுரம் வாங்கப் போகிறோம்.

உனக்கு ஒரு நல்ல செய்தி. புதுக் கோபுரத்துக்கு எலியெசரின் பெயரை வைக்கலாம் என்று நான்தான் எழுந்து சொன்னேன். எல்லோரும் நின்று கைதட்டினார்கள். பித்தளைத் தகடு. நீ வந்துதான் திரையை விலக்க வேண்டும்.

என்றும் உன் அண்ணன்,
வில்ஃப்ரெடோ


கெப்ராதா சேகா
அக்டோபர் 19

அண்ணா,

அரிசியைப் பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் பங்கு வைத்தோம். போர்வையை நான் வைத்துக்கொண்டேன். அண்ணிக்கு என் முத்தம்.

அவர் பிழைத்திருப்பார் என்று யாராலும் சொல்ல முடியாதுதான். ஆனால் நான் கூப்பிட்டது உனக்குக் கேட்டிருக்கும். அதை என்னால் சொல்ல முடியும்.

நீ எழுந்தாயாமே. கம்பி கேட்க எழவில்லை, தகடு கேட்க எழுந்தாய். செத்தவன் பெயருக்கு யார்தான் கைதட்ட மாட்டார்கள்? ஒருமுறை எலியெசர் என்னை அழைத்துப்போகக் கிளப்புக்குச் சேற்றுக் காலோடு வந்தபோது, "தம்பி, வெளிய நில்லு, தரை இப்பதான் துடைச்சது" என்றாரே டாக்டர், நினைவிருக்கிறதா? மழையில் நின்றார். இப்போது அவர் பெயர் மட்டும் உள்ளே வரலாமா?

அண்ணியின் வேலை போக வேண்டாம். கிளப்பில் நீ வாய் திறக்கவே வேண்டாம். உன் முற்றத்து மாமரத்துக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவே ஒரு கம்பி கட்டு. தாழ்வாகக் கட்டு. உன் பழைய ரேடியோ போதும். இங்கே நிறைமாதத்தில் ஒருத்தி இருக்கிறாள், புயல் காலமும் முடியவில்லை. வரும் ஞாயிறு பூசைக்கு முன்னால், ஏழு மணிக்குக் கூப்பிடுவேன். பதில் சொல்.

தகடு வேண்டாம்.

மிக்தாலியா


கெப்ராதா சேகா
நவம்பர் 6

அண்ணா,

நோயெல் வெறுங்கையோடு வருகிறான். "கடுதாசி ஏதும் இல்லையா?" என்றால் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிகிறான்.

அந்த ஞாயிறும் கூப்பிட்டேன், அடுத்த ஞாயிறும் கூப்பிட்டேன். கடலுக்கு அப்பாலிருந்து ஒரு டொமினிக்கன்காரர்தான் வந்தார்.

"நல்லாக் கேக்குதும்மா. யாரைத் தேடுறீங்க?"

"எங்க அண்ணனை."

"எந்த நாட்டுல இருக்காரு?"

"மலைக்கு அந்தப் பக்கம். நடந்தே போயிடலாம், சாலை இருந்தா."

அவர் சிரித்தார். நான் மறுபடி உன்னைக் கூப்பிடத் தொடங்கியதும் சிரிப்பை நிறுத்தினார். "இருங்கம்மா, நானும் கூப்பிட்டுப் பாக்கறேன்" என்று உன் பெயரைச் சொல்லித் தொண்டை கட்டும்வரை கூப்பிட்டார். முன்பின் தெரியாத மனுஷன்.

கோபுரம் எழுந்துவிட்டதாம். திரையை டாக்டரின் மனைவி விலக்கினாராம். தகட்டில் எலியெசர் பெயர் பளபளக்கிறது என்று நோயெல் பெருமையாகத்தான் சொன்னான், பாவம். நிறைமாதக்காரியைப் போன செவ்வாய் நாற்காலியில் கட்டிச் சரிவுக்குக் கீழே தூக்கிப் போனார்கள். குழந்தை தங்கவில்லை.

நீதான் அந்தப் பெயரை வைக்கச் சொன்னாய். நீயே போய்க் கழற்று. கழற்றிவிட்டேன் என்று ரேடியோவில் உன் வாயால் சொல். ஞாயிறு, ஏழு மணி.

மிக்தாலியா