வாவிக்கரை வீட்டில் நான் குடியிருக்கிறேன்

அனுப்புநர்:
திருமதி எர்னஸ்டின் பல்தசார்,
(காலஞ்சென்ற லூஷன் பல்தசாரின் விதவை)
வாவிக்கரை வீதி, புளியந்தீவு,
மட்டக்களப்பு.

பெறுநர்:
மாண்புமிகு மாவட்ட நீதிபதி அவர்கள்,
மாவட்ட நீதிமன்றம்,
மட்டக்களப்பு.

பொருள்: கொர்னேலியஸ் பல்தசாரின் மரண சாசனத்துக்கு உட்பட்ட முதுச வீட்டை விற்க அனுமதி கோரும் விண்ணப்பம், அதில் ஆணையாளர் தாக்கல் செய்த பார்வை அறிக்கை மீது ஆட்சேபம்.

மாண்புமிகு ஐயா,

1. மேற்படி விண்ணப்பத்தில் நான் எதிர்மனுதாரர். நீதிமன்றத்தில் எனக்காகத் தோன்றி வழக்குப் பேசிய பிரக்கிராசியார் "இணங்கிப் போவது நல்லது" என்று இரண்டு முறை சொன்னதால் அவரை விலக்கிக்கொண்டேன். இனி என் வழக்கை நானே பேசுவேன். இதில் சட்டத் தவறு இருந்தால் திருத்திக்கொள்கிறேன். உண்மைத் தவறு இருக்காது.

2. என் மாமனார் கொர்னேலியஸ் பல்தசார் தச்சு மேத்திரியாராக இருந்தவர். 1921ஆம் ஆண்டு எழுதிய சாசனத்தின் நான்காம் பிரிவில், வீட்டைத் தம் மகன் லூஷனுக்கும், அவருக்குப் பின் அவர் பிள்ளைகளுக்கும், பிள்ளைகள் இல்லையானால் தம் மகளின் ஆண்மக்களுக்கும் விட்டுச் சென்றார். அதே பிரிவில், "மகனுக்கு விதவை இருப்பாளாயின், அவள் இதில் குடியிருக்கும் காலம்வரை இதை விற்கவோ ஈடு வைக்கவோ எவருக்கும் உரிமை இல்லை" என்றும் எழுதினார். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. என் கணவர் காலமாகி ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. நான் அந்த வீட்டில்தான் இருக்கிறேன்.

3. விண்ணப்பதாரர் வெர்னன் அந்திராதோ என் கணவரின் சகோதரி மகன். தம்பியுடன் அவுஸ்திரேலியாவில் குடியேற அனுமதி பெற்றிருக்கிறார். போவதற்கு முன் வீட்டைப் பணமாக்க விரும்புகிறார். அதில் எனக்கு வருத்தம் இல்லை. எங்கள் பறங்கி ஆட்களில் பாதிப்பேர் கப்பலேறிவிட்டார்கள். சென்ற நத்தார்ப் பண்டிகைக்கு கேக்குடன் வந்தவர் என் மேசையிலிருந்தே இப்படிச் சொன்னார்: "அன்ரி, ஆறு அறைக்குள்ள தனிய இருந்து பேயோடயா கதைக்கீங்க? சிஸ்டர்மாரட்டச் சொன்னா மடத்தில ஒரு கட்டில் தருவாங்க." நான், "கட்டில் என்னட்ட இருக்கு மனே. உனக்குத்தான் மெல்பேர்னில கட்டில் இல்ல" என்றேன். அவர் சிரித்தார். அடுத்த மாதம் அழைப்பாணை வந்தது.

4. அவருடைய விண்ணப்பம், வீடு பாழடைந்துவிட்டது, நான் அதில் குடியிருப்பதை விட்டுவிட்டேன் என்று கூறுகிறது. அதை அறிந்து வர நீதிமன்றம் நில அளவையாளர் திரு. சிற்றம்பலம் அவர்களை ஆணையாளராக நியமித்தது. அவர் வரும் நாள் எனக்கு அறிவிக்கப்படவில்லை. அவர் வந்தது மார்ச் 26, பிற்பகல். எங்களுக்கு அது பெரிய வியாழன்.

5. அறிக்கையின் பிரதியைப் பதிவாளர் காரியாலயத்தில் பெற்றுப் படித்தேன். ஆணையாளர் தம் கண்ணால் கண்டதாக எழுதியவை அனைத்தும் சரி என்பதை முதலில் ஒப்புக்கொள்கிறேன். அறைகளில் கட்டிலும் இல்லை, கதிரையும் இல்லை. சுவர்கள் சுரண்டப்பட்டிருந்தன. சுவர் மணிக்கூடு ஓடவில்லை. அடுப்பு குளிர்ந்து கிடந்தது. சுரூபங்களும் படங்களும் "எடுத்துச் செல்வதற்காகத் துணியால் பொதியப்பட்டிருந்தன." இவற்றைக் கொண்டு, குடியிருந்தவர் வெளியேறிவிட்டார் என்று அவர் முடிவு செய்தார். அந்த முடிவுதான் தவறு.

6. உயிர்ப்புத் திருநாளுக்கு முன் எங்கள் வீடுகளில் தளபாடம் முழுவதையும் வெளியே எடுத்துவிட்டுச் சுண்ணாம்பு பூசுவோம். பூசுவதற்கு முன் பழைய பூச்சைச் சுரண்டத்தான் வேண்டும். அந்த வாரம் நான் மாலை ஒருவேளை மட்டுமே சாப்பிடுவதால் பிற்பகலில் அடுப்பு எரியாது. கோயில் மணி மௌனமாகும் நாட்களில் வீட்டு மணிக்கூடும் அடிக்கக் கூடாதென்பது என் மாமனார் வைத்த ஒழுங்கு. பெரிய வியாழனன்று நான் கோயிலுக்குப் புறப்படும்போது அதை நிறுத்துவேன். சுரூபங்களுக்குப் போட்டது ஊதாத் துணி. பாடுகளின் ஞாயிறன்று மூடினால் உயிர்ப்புக்குத்தான் திறப்போம். அன்று ஆணையாளர் எங்கள் தேவாலயத்துக்குள் எட்டிப் பார்த்திருந்தால், அதுவும் காலி செய்யப்படுகிறது என்று எழுதியிருப்பார்.

7. திரு. சிற்றம்பலம் சைவர். எங்கள் வழக்கம் அவருக்குத் தெரியாதது குற்றமல்ல; அவர் வீட்டு நோன்பு எதற்கு எப்படி என்று எனக்கும் தெரியாது. தெரியாததைக் கேட்காமல் எழுதியதுதான் குற்றம். கேட்பதற்கு ஆள் இல்லாமலும் இல்லை. அயல் வளவுக்காரி இளையபிள்ளையிடம் நான் வீட்டுத் திறப்பைக் கொடுத்துவிட்டுப் போவது வழக்கம். உறவினர் என்பதால் அவர் அதை, ஆணையாளருடன் வந்த வெர்னனிடம் கொடுத்தார். கொடுக்கும்போதே ஆணையாளரிடம், "அம்மா கோயிலுக்குப் போயிரிக்கா, பொழுதுபட வருவா. இருங்க. கதிரையெல்லாம் எங்கட வளவுக்குள்ளதான் காயுது, ஒண்டு எடுத்துத் தரட்டா?" என்றார். வெர்னன் குறுக்கிட்டு, "பெத்தா, நீங்க உங்கட வேலையப் பாருங்க" என்றதற்கு, "நான் என்ட வேலையத்தான் பாக்கன் தம்பி. இந்தக் கதிரைக்கெல்லாம் காவல் நான்தான்" என்று பதில் சொல்லிவிட்டு ஒரு பிரம்புக் கதிரையைக் கொண்டுவந்து போட்டார். ஆணையாளர் அதில் அமர்ந்துதான் வீட்டில் தளபாடங்கள் இல்லை என்று எழுதினார். கதிரை என்னுடையது. அதன் பின்காலில் என் மாமனாரின் முத்திரை இருக்கிறது. நீதிமன்றத்துக்குக் கொண்டுவரத் தயாராக இருக்கிறேன். இளையபிள்ளையும் வந்து சாட்சி சொல்வார். அவர் சொன்ன ஒரு சொல்கூட அறிக்கையில் இல்லை.

8. வெர்னனைப் பற்றி ஒன்று மட்டும் கூறுகிறேன். அவர் எட்டு வயதுமுதல் எங்கள் வீட்டில் வளர்ந்தவர், பூசைக்கு உதவிய பிள்ளை. ஊதாத் துணியின் பொருள் அவருக்குத் தெரியும். ஆணையாளர் அதைப் பார்த்து எழுதியபோது அவர் பக்கத்தில் நின்றார்.

9. இனிச் சாசனத்தின் பொருள். விண்ணப்பதாரரின் பிரக்கிராசியார், "குடியிருக்கும்" என்றால் ஒரு நாளும் இடைவிடாமல் தங்குவது என்றும், சென்ற ஆண்டு கண் சத்திர சிகிச்சைக்காக நான் கொழும்பில் இருந்த வாரங்களிலேயே என் உரிமை அற்றுப்போனது என்றும் வாதிடுகிறார். சாசனத்தை எழுதிய என் மாமனார் தேயிலைத் தோட்டங்களில் ஆலை கட்டும் வேலையாக ஆண்டில் பாதி நாள் மலைநாட்டில் இருந்தவர். தாம் கடைப்பிடிக்க முடியாத ஒரு நிபந்தனையை மருமகள் மீது சுமத்தியிருக்க மாட்டார்.

10. மேலும், சாசனத்தை முழுமையாகப் படிக்க வேண்டுகிறேன். ஏழாம் பிரிவில், பின் வளவிலுள்ள பட்டறைக் காணியை "தேவை ஏற்படின் விற்கலாம்" என்று அவரே எழுதியிருக்கிறார். விற்க அனுமதிக்க விரும்பியபோது அதை எப்படி எழுதுவது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. வீட்டுக்கு அந்த அனுமதியை அவர் எழுதவில்லை. மறதியால் அல்ல, இரண்டு பிரிவுகளுக்கும் இடையில் ஒரு பக்கம்தான்.

11. கட்டுப்பாடுள்ள முதுசத்தை விற்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. உரித்துடையோர் எல்லோருக்கும் நன்மை என்று நீதிமன்றம் திருப்தியடைந்தால் அந்த அதிகாரத்தைப் பயன்படுத்தலாம் என்று அறிகிறேன். அந்த எல்லோரில் நானும் ஒருத்தி. எனக்கு வீடுதான் நன்மை. விற்ற பணம் நீதிமன்றத்தில் வைப்பிலிடப்படும், அதன் வட்டி எனக்கு வரும் என்கிறார்கள். வட்டிக்குள் நான் படுத்து எழும்ப முடியாது.

12. ஆகவே நான் தங்களிடம் கோருவது: மார்ச் 26 அறிக்கையை நிராகரித்து, வேறொரு ஆணையாளரை அனுப்ப வேண்டும். அவர் முன்னறிவித்தல் இன்றி எந்த நாளிலும் வரலாம். நான் கோயிலில் இருந்தால் இளையபிள்ளை ஆளனுப்புவார். அதுவரை விற்பனை தொடர்பான எந்தக் கட்டளையும் பிறப்பிக்கப்படாதிருக்க வேண்டும். வெர்னனும் அவர் தம்பியும் பட்டறைக் காணியை விற்றுப் பயணப்பட எனக்குப் பூரண சம்மதம். அதற்கான பத்திரத்தில் இன்றே கையொப்பமிடுவேன். என் கணவர் இருந்திருந்தால் அவரும் இட்டிருப்பார்.

13. இவற்றைக் கேட்ட பின்னும் வீட்டை விற்பதே சரியென நீதிமன்றம் கருதுமானால், எனக்கு ஒரே ஒரு கோரிக்கை இருக்கும். விற்பனை விளம்பரத்தில் உண்மை முழுவதும் இடம்பெற வேண்டும். ஆறு அறைகள், கல் கட்டிய கிணறு ஒன்று, புதிதாகச் சுண்ணாம்பு பூசிய சுவர்கள். உள்ளே எர்னஸ்டின் பல்தசார் என்ற விதவை, வயது எழுபத்துமூன்று, சிகிச்சைக்குப் பின் பார்வை தெளிவு, வெளியேறச் சம்மதம் இல்லை. அதைப் படித்த பிறகும் வாங்க வருபவருக்கு, வாசற்கதவை நானே திறந்து வீட்டைச் சுற்றிக் காட்டுவேன்.

தங்கள் கட்டளையை எதிர்பார்த்து,

எர்னஸ்டின் பல்தசார்
(எதிர்மனுதாரர், நேரில்)

இடம்: புளியந்தீவு, மட்டக்களப்பு
நாள்: 20 ஏப்ரல் 1964