எதற்காகக் கையைப் பிடித்தாய்?

என் தோளில் தூங்கி வளர்ந்த தம்பி தானியேலே,

நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. என் முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது. பிரிக்பீல்ட்ஸில் எங்கள் அடுக்குமாடியின் லிஃப்ட் இன்னும் நினைத்தபோது நின்றுகொள்கிறது. இதையெல்லாம் சொல்வதற்காக நான் பேனாவை எடுக்கவில்லை. உன்னிடம் ஒன்று கேட்கவேண்டும். கேள்வி நாலு பேருக்குத் தெரியட்டும் என்றுதான் இதைப் பத்திரிகைக்கும் அனுப்புகிறேன்.

அன்று ஆஸ்பத்திரியில் அந்தப் பாஸ்டரின் கையை எதற்காகப் பிடித்தாய்?

உனக்கு நினைவிருக்குமோ இல்லையோ, நடந்ததைச் சொல்கிறேன். ஸ்ட்ரோக் வந்து உன் பேச்சு போய்விட்டிருந்தது. உன் மனைவி ரீட்டா, தான் புதிதாகச் சேர்ந்திருந்த சபையின் பாஸ்டரை அழைத்து வந்தாள். அவர் உன் உள்ளங்கையில் தன் விரல்களை வைத்துக்கொண்டு, "பிரதர், இயேசுவ சொந்த இரட்சகரா ஏத்துக்கிறீங்கன்னா என் கைய அழுத்துங்க" என்றார். நீ அழுத்தினாய். ரீட்டா அழுதுகொண்டே உன் காலைக் கட்டிக்கொண்டாள். நான் ஜன்னல் ஓரம் நின்றிருந்தேன். உன் விரல்கள் மடங்கியதை என் கண்ணாலேயே பார்த்தேன்.

அன்றிலிருந்து நீ அவர்களுக்கு ஒரு சாட்சி ஆகிவிட்டாய். கிள்ளானில் டயர் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது அந்தச் சபை. உறை போட்ட நாற்காலிகள், டிரம்ஸ், சுவரை அடைத்துக்கொண்டு ஒரு திரை. அந்தத் திரையில் உன் கல்யாணப் போட்டோவைப் போட்டு, பின்னால் பியானோ வாசித்து, கடைசி நேரத்தில் கர்த்தரைக் கண்ட லோரிக்காரர் என்று காட்டுகிறார்கள். அதை யாரோ என் கைப்பேசிக்கும் அனுப்பினார்கள். கடைசி நேரத்தில் என்றால், அதற்கு முன்னால் அத்தனை வருஷம் நீ யாரைக் கண்டுகொண்டிருந்தாய் தம்பி?

நம் பழைய சர்ச்சுக்காகவும் நான் வக்காலத்து வாங்கப்போவதில்லை. அப்பா ரயில்வேக்காரர்களோடு சேர்ந்து பெஞ்சுகளுக்கு வார்னிஷ் அடித்த மெதடிஸ்ட் சர்ச் அது. நீயும் நானும் மனப்பாட வசனம் ஒப்பித்த இடம். ரயில்வே குவார்ட்டர்ஸ் பிள்ளைகள் படித்து, வேலைக்குப் போய், கார் வாங்கினார்கள். தமிழ் ஆராதனை மத்தியான வெயிலுக்குத் தள்ளப்பட்டது, காலை நேரம் ஆங்கிலத்துக்குப் போனது. ஒரு ஞாயிறு நீ ரவாங்கில் சரக்கு இறக்கிவிட்டு, நேரே லோரியோடு வந்தாய். கமிட்டிக்காரர் ஒருவர் வாசலில் மறித்து, "அண்ணே, லோரி உள்ள வேணாம் லா, கார் எல்லாம் வரணும்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

நீயும் சிரித்தாய். லோரியைச் சாலையோரம் நிறுத்தினாய். நான் உள்ளே உனக்கு இடம் பிடித்து வைத்திருந்தேன். பாட்டு முடிந்தது, பிரசங்கம் முடிந்தது, நீ வரவில்லை. வெளியே வந்து பார்த்தால் இன்ஜினை அணைத்துவிட்டு, கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஸ்டியரிங்கில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தாய். நீ அன்றோடு சர்ச்சுக்குப் போவதை நிறுத்தினாய். நானும் நிறுத்தினேன். எனக்கு அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை. தீரவேண்டும் என்ற அவசியமும் இல்லை.

அதற்குப் பிறகு ஞாயிறு காலைகளில் நீ லோரியில் உட்கார ஆரம்பித்தாய். வீட்டு வாசலிலேயே நிறுத்தி, உள்ளே ஏறிக் கதவைச் சாத்திக்கொள்வாய். அக்கம்பக்கத்தில் உன்னைக் கிறுக்கன் என்றார்கள். அப்படி என்னதான் வேண்டிக்கொள்கிறாய் என்று நான் ஒருமுறை கேட்டேன்.

"ஒண்ணும் கேக்கறதில்லக்கா. சும்மா இருப்பேன். அவரும் இருப்பாரு."

ஆறாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவள் நான். வேதாகமத்தை எழுத்துக்கூட்டி நானே படித்து முடித்தவள். அதற்குப் பிறகு எத்தனையோ பிரசங்கம் கேட்டுவிட்டேன், ரேடியோவிலும் கைப்பேசியிலும். நீ சொன்ன அந்த வார்த்தைக்கு அருகில்கூட ஒருவரும் வரவில்லை.

டயர் கடை மாடிக்காரர்களைப் பற்றியும் நியாயமாகச் சொல்லவேண்டும். நீ படுத்திருந்தபோது தினமும் கஞ்சி கொண்டுவந்தது அவர்கள்தான். பழைய சர்ச்சிலிருந்து ஒரு ஆள் எட்டிப்பார்க்கவில்லை. நீ போன பிறகுதான் மலர்வளையம் வந்தது. இதை நான் மறுக்கமாட்டேன். ஆனால் கஞ்சிப் பாத்திரத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு போகும்போது, அவர்கள் கூடவே உன்னையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

போன மாதம் பாஸ்டர் என் வீட்டுக்கு வந்தார். கையில் பழக்கூடை. பழக்கூடையைப் பார்த்ததுமே எனக்குச் சந்தேகம். உன் முதல் வருஷ நினைவு ஆராதனையில் நான் மேடை ஏறவேண்டுமாம்.

"அம்மா, ரெண்டு வார்த்தை போதும். நான் கண்ணால பார்த்தேன்னு சொல்லுங்க. குடும்பத்துல மூத்தவங்க சொன்னா அதுக்குத் தனி வெயிட் லா."

"நான் பார்த்தது கைய. மனச இல்ல" என்றேன்.

"அம்மா இன்னும் கோவத்துல இருக்கீங்க. அதுக்கும் ஜெபிக்கிறோம்" என்று எழுந்துகொண்டார். என் கோபத்துக்கு ஜெபம் செய்யச் சொல்லி நான் யாரிடம் கேட்டேன்?

அவர் வாசலைத் தாண்டும் முன் நான் இன்னொன்றும் சொன்னேன். அன்று ஆஸ்பத்திரியில் அவர் போன பிறகு, ரீட்டா தண்ணீர் வாங்கக் கீழே இறங்கியிருந்த நேரத்தில், நானும் உன் கையில் என் கையை வைத்தேன் இல்லையா? "தம்பி, இவங்கள இனிமே வரவேணாம்னு சொல்லிடட்டுமா?" என்று கேட்டேன். நீ அழுத்தினாய். நன்றாகவே அழுத்தினாய். இந்த ஒரு வருஷமாக ரீட்டாவின் சொந்தக்காரர்களுக்கும் நம் ஆட்களுக்கும் நான் காட்டிவந்த ஆயுதம் அதுதான். அவர்களிடம் ஒரு பிடி இருந்தால், என்னிடமும் ஒரு பிடி இருந்தது.

பிறகு கண் பரிசோதனைக்காக அதே ஆஸ்பத்திரிக்குப் போனேன். உன் வார்டில் இருந்த தாதிப் பெண், சாலாக் செலாத்தான் ஊர்க்காரி, என்னை அடையாளம் கண்டு உட்கார வைத்தாள். பேச்சோடு பேச்சாக, தம்பி எப்படிக் கையை அழுத்தினான் தெரியுமா என்று அவளிடமும் பெருமையாகச் சொன்னேன்.

"அங்கிள் யார் கை வெச்சாலும் பிடிச்சுக்குவாரு ஆன்டி. நான் பிளட் பிரஷர் பார்க்க வந்தா என் கையக்கூட விடமாட்டாரு. ஸ்ட்ரோக் வந்தவங்க சில பேருக்கு அப்படித்தான். பிள்ளைங்க விரல பிடிக்குமில்ல, அந்த மாதிரி."

வீட்டுக்கு எப்படி வந்து சேர்ந்தேன் என்று கேட்காதே. ஒரு பக்கம் எனக்குச் சந்தோஷம். பாஸ்டரின் சாட்சி விழுந்தது. மறு பக்கம், என்னுடையதும் விழுந்தது. அதற்குப் பிறகுதான் உண்மையான பயம் வந்தது. தாதி சொன்னது எல்லா நேரத்துக்கும் பொருந்தும் என்று யார் கண்டது? ஒருவேளை பாஸ்டர் கேட்டதற்கு நீ மனதோடுதான் பதில் சொன்னாயோ? உன்னை எனக்குத் தெரியும் என்று நான்தான் வீம்பாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேனோ?

இந்தச் சமயத்தில்தான் ரீட்டா வந்தாள். கொமுட்டர் ரயிலில், தனியாக. இளைத்துவிட்டாள் தம்பி. உட்கார்ந்ததும் கேட்டுவிட்டாள். கையை அழுத்தாமல் போயிருந்தால் நீ எங்கே இருப்பாய் என்று சபையில் போதிக்கிறார்களோ, அந்த நரகத்தில் நீ இருப்பதாக அவளுக்குக் கனவு வருகிறதாம்.

"அண்ணி, நீங்க பொய் சொல்லமாட்டீங்க. அவரு பிடிச்சாரு தானே?"

தாதி சொன்னது என் நாக்கின் நுனிவரை வந்தது. ஒரே வார்த்தையில் அந்த மாடியையும் திரையையும் பியானோவையும் கவிழ்த்திருக்கலாம். அவளும் சேர்ந்து கவிழ்ந்திருப்பாள்.

"பிடிச்சான். அது நிஜம். எதுக்குப் பிடிச்சான்னு எனக்கும் தெரியாது, உங்க பாஸ்டருக்கும் தெரியாது. ஆனா அவன் ரொம்ப வருஷமா ஞாயித்துக்கிழமை தவறாம கர்த்தரோட உட்கார்ந்தவன். அவன எங்கயும் தள்ளிவிடமாட்டாரு. பயப்படாம தூங்கு."

அவள் அழவில்லை. பிறகு, "அப்ப நீங்க மேடைக்கு வரமாட்டீங்க" என்றாள்.

"மாட்டேன். அவன் லோரி எங்க?"

"வீட்டு வாசல்லதான் நிக்குது. விக்க மனசு வரல. பேட்டரி செத்துப்போச்சு அண்ணி."

"எனக்கு ஓட்ட வேணாம். உட்காரணும்."

பையைத் திறந்து, தன் வீட்டுச் சாவிக்கொத்திலிருந்து உன் லோரிச் சாவியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள். அதை ஏன் இத்தனை நாளாகக் கூடவே வைத்துக்கொண்டு திரிந்தாள் என்று நான் கேட்கவில்லை.

ஆகவே தம்பி, இது என் வாக்கு. நினைவு ஆராதனை நடக்கிற அந்த ஞாயிறு, மாடியில் உன் படத்தை ஓட்டும்போது, நான் உன் லோரியில் இருப்பேன். கண்ணாடியை ஏற்றிவிடுவேன். நீ என் கையை அழுத்தியதை இனி யாரிடமும் ஆதாரமாகக் காட்டமாட்டேன். அதற்காக அந்தப் பாஸ்டரை நம்பிவிட்டேன் என்று நினைக்காதே, லோரியை மறித்தவர்களை மன்னித்துவிட்டேன் என்றும் நினைக்காதே. ஒன்றும் கேட்காமல் உட்காரப் பார்க்கிறேன். எனக்கு அது பழக்கமில்லை, உனக்கே தெரியும். கர்த்தர் வந்தால், உன்னைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அப்புறம் வாயை மூடிக்கொள்கிறேன்.

இன்னும் மாடி ஏறாத,
உன் ஒரே அக்கா
எஸ்தர்