நல்ல தண்ணீர் குடித்த அம்பாசிடர்

எங்கிருந்தாலும் என் குரலை அடையாளம் கண்டுகொள்ளும் என் நைனாவுக்கு,

உன் அம்பாசிடரை விற்கப் பார்த்தார்கள் என்பதை இத்தனை நாள் உன்னிடம் சொல்ல மனசு வரவில்லை. இப்போது சொல்லலாம்.

நீ கண்ணை மூடிய பிறகு வண்டி பழவேற்காட்டைத் தாண்டவே இல்லை. மாமா எடுத்தால் கொஞ்ச தூரத்திலேயே கொதித்துப் பானட்டிலிருந்து ஆவி வரும். டச்சுக் கல்லறை பார்க்க வருகிறவர்களை நீ ஏற்றி வந்த வண்டி, கடைசியில் அந்தக் கல்லறை வாசலிலேயே படுத்துவிட்டது. "உள்ள இடம் கேக்குது போல"னு சிரித்தபடியே பசங்க அதை வீடுவரை தள்ளிக்கொண்டு வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காயலான் கடைக்காரர் வருவார் என்று மாமா முடிவு பண்ணிவிட்டார்.

பள்ளி நூலகத்தில் பழைய வண்டிகளைப் பராமரிப்பது பற்றி ஒரு புத்தகம் கிடைத்தது. ரேடியேட்டருக்கு உப்பில்லாத தண்ணீர்தான் ஊற்ற வேண்டும், இல்லையென்றால் உள்ளே அடைத்துக்கொண்டு வண்டி கொதிக்கும் என்று அதில் இருந்தது. படித்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நம் ஊரில் யார் வண்டிக்கு நல்ல தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள்? லாரி வந்தால் குடிக்கிற தண்ணீருக்கே சண்டை. வண்டிக்கு உப்புக் கரிக்கிற ஏரித் தண்ணீர்தான். நீயும் அதைத்தானே ஊற்றினாய், நைனா?

சனிக்கிழமை காலை, இஞ்சின் சில்லென்று இருக்கும்போதே ரேடியேட்டர் மூடியைத் திறந்தேன். அடியில் நண்டு அள்ளுகிற அன்னக்கூடைச் சட்டியை வைத்து, தண்ணீர் வடிக்கும் திருகாணியைத் திருப்பினேன். ஒரு சொட்டு வரவில்லை.

"இன்னாடி, கீழ நண்டு புடிக்கிறியா?" என்றார் மாமா.

மெல்லிய கம்பியை விட்டுக் குத்தினேன். துருவும் உப்புமாகச் சேறு கொட்டியது. அதோடு ஒரு சிப்பித் துண்டு. மாமா குனிந்து அதை எடுத்தார். "இது எப்டி உள்ள பூந்துச்சு?"

"நீ ஊத்துன பக்கெட்டுலதான் மாமா."

அதன் பிறகு அவர் கிண்டல் பண்ணவில்லை. தெளிவாக வரும்வரை அவரே அடிபம்பு அடித்துக் கொடுத்தார். அந்தத் தண்ணீரும் உப்புதான், ஆனால் அழுக்கைக் கழுவ அது போதும். எல்லாவற்றையும் வடித்துவிட்டுக் கடைசியாக நிரப்பத்தான் நல்ல தண்ணீர் வேண்டும். வீட்டில் இருந்தது இரண்டே குடம். லாரி எப்போது வருமோ தெரியாது. நான் அந்தக் குடங்களையே பார்த்தேன்.

அம்மா ஒரு குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"அக்கா, குடிக்கிற தண்ணியப் போயி வண்டிக்கா?"

"பின்ன, கலர் சோடாவா வாங்கி ஊத்த முடியும்? நவுருடா."

கடையில் வாங்கிவைத்திருந்த, சூடு தணிக்கிற கூலண்டோடு கலந்து அவளே ஊற்றினாள். மூடியைத் திறந்துவைத்தே இஞ்சினை ஓடவிட்டோம். குமிழி அடங்கியதும் குறைந்ததை நிரப்பி மூடினேன்.

அப்படியே நண்டுக் கூடைகளை ஏற்றிக்கொண்டு மீஞ்சூருக்குக் கிளம்பினோம். மாமா ஓட்டினார். நான் சூடு காட்டும் முள்ளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ரயில்வே கேட் மூடியிருந்தது. உச்சி வெயில், இஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. முள் கொஞ்சம் ஏறியது. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். முள் பாதியில் நின்றது, அதற்கு மேல் ஏறவே இல்லை. ஆவி இல்லை, கொதிப்பு இல்லை. நைனா, அப்போது நீ எங்கே இருந்தாய்?

கேட் திறப்பதற்குள் மாமா காயலான் கடைக்காரருக்குப் போன் போட்டார். "நாளைக்கு வராதபா. வண்டி ஓடுது. ஆமா, எங்க பொண்ணுதான் சரி பண்ணிச்சு."

இனி வருஷா வருஷம் நானே வடித்துக் கழுவி, நல்ல தண்ணீர் ஊற்றுவேன். லைசன்ஸ் எடுக்கிற வயது வந்ததும் அம்மாவை முன் சீட்டில் உட்காரவைத்து நானே ஓட்டுவேன். இது சத்தியம்.

கைவிரல் துரு இன்னும் போகாத,
உன் மகள்