நண்டுக்கூட்டின் கதவும் உன் ஒப்பமும்

தன்னாமுனை
2025 மார்ச் 3

அன்பு மகன் றெஜிக்கு,

கட்டார் நாட்டு வெயிலிலும் ஆண்டவர் உன்னைச் சுகத்தோடு வைத்திருப்பார் என்ற நம்பிக்கையில் அப்பா எழுதுவது. இங்கே அம்மாவும் தங்கச்சியும் சுகம். எனக்குத்தான் வலது தோள் தூக்க முடியவில்லை, பேனை பிடித்தால் விரல் விறைக்கிறது, அதனால் நான் சொல்லச் சொல்ல டினோஷா எழுதுகிறாள். சொன்னபடி எழுது பிள்ளை என்றால், பிழை இருந்தால் அண்ணா சிரிப்பார் என்று பள்ளிக்கூடத் தமிழில் திருத்திப் போடுகிறாள். நீ சிரித்தாலும் பரவாயில்லை, வாசித்தால் போதும். ஒரு வருசமாக அம்மாவோடு மட்டும் பேசுகிறாய், நான் பக்கத்தில் வந்தால் போனை வைத்துவிடுகிறாய். காரணம் எனக்குத் தெரியும். அம்மா சீனி வருத்தத்துக்கு மருந்து ஒழுங்காகக் குடிக்கிறாள், பிளேன்ரீக்கு இரண்டு கரண்டி சீனியும் ஒழுங்காகப் போடுகிறாள். வாவியில் நண்டு குறைவு, அது பிடிக்கும் கூடு இருபதைத் தூக்கி வந்தால் பகல் முழுக்கப் படுத்தே கிடக்கிறேன்.

விசயத்துக்கு வாறன். தூக்கும்போது கதவு தானாக மூடும் நம்முடைய நண்டுக்கூட்டுக்கு ஆக்கவுரிமை எடுக்கலாம் என்று டினோஷா வாசிகசாலைப் புத்தகத்தோடு என் பின்னால் திரிந்தாள். பேற்றன்ற் என்கிறார்களே, அதுதான். பொருள் புதிதாக இருக்க வேண்டுமாம், அந்தத் தொழில் தெரிந்தவனுக்கும் லேசில் தோன்றாததாக இருக்க வேண்டுமாம், செய்து பாவிக்கக் கூடியதாகவும் இருக்க வேண்டுமாம். வெறும் யோசினைக்குக் கிடையாது, எப்படிச் செய்வது என்று படத்தோடு எழுதிக் கொடுக்க வேண்டும். கிடைத்தால் இருபது வருசம், அதுவும் இலங்கைக்குள் மட்டும். ஆனால் விண்ணப்பிக்க முதலே ஊருக்குக் காட்டினால் புதிது என்ற கதை போய்விடுமாம். நாமோ முதல் மீன், முதல் காய், முதல் செய்த சாமான் எல்லாம் கோயிலுக்கு என்று கொடுத்துப் பழகிய ஆட்கள். முதல் கூட்டைத் திருவிழா ஏலத்துக்குக் கொடுத்தேன், மேசையில் வைத்துக் கயிற்றை இழுத்து இழுத்துக் கதவு மூடுவதையும் நானே காட்டினேன். ஏலத்தில் எடுத்த சுதாகரன் அதைப் பார்த்துச் செய்து கொடுத்து, இப்போது வாவியில் பாதிப் பேரிடம் அந்தக் கூடு. கேட்டால் சிரிக்கிறான். "கோயில்ல வச்சு ஊருக்கே வித்தை காட்டிட்டு, இப்ப ரகசியம் எண்டா எப்பிடி ஹெக்டரண்ணே?" அவனில் பிழையில்லை.

பிறகு டவுனில் சட்டத்தரணி நபீஸாவிடம் போனோம். நாமே காட்டியது என்றால் சட்டம் ஒரு வருசம் பொறுக்குமாம், அதற்குப் பிறகு ஒன்றும் செய்ய ஏலாதாம். ஏலம் நடந்தது போன வருசம் மார்ச் 23. இந்த முறை 22, 23 சனி ஞாயிறு, ஆகவே கடைசி நேரத்தில் ஓடாமல் இந்த மாதம் 20ஆம் திகதிக்குள் கொழும்பில் கொடுத்தாக வேண்டும். எல்லாம் எழுதிக்கொண்டு வந்தவர், கண்டுபிடித்தது யார் என்று கேட்டார். நான்தான் என்று வாய்வரை வந்தது. டினோஷா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மகன், ஏ.எல். சோதினை எழுதிவிட்டு நீ தோணியில் வந்த நாள் நினைவிருக்கிறதா. தூக்கும்போது நண்டு வெளியே விழுவதைப் பார்த்து, தூக்கிற கயிற்றையே கதவுக்குள்ளால விடுங்கப்பா, இழுக்கக் கதவு தானா மூடும் என்றாய். நண்டு பிடிக்க வந்தியா, படம் கீற வந்தியா என்று ஏசினேன். நீ போன பிறகுதான் செய்து பார்த்தேன். ஏலத்தில் ஒலிபெருக்கியில் ஹெக்டரின் மூளை என்று சொல்லிக் கை தட்டினார்கள், நான் தலையாட்டிக்கொண்டு நின்றேன். அதை யாரோ எடுத்துப் போட்ட வீடியோவை நீ பார்த்திருக்கிறாய். சட்டத்தரணியிடம் சொல்லிவிட்டேன், கூடு கட்டினது நான், கதவு மகனுடைய யோசினை என்று.

கண்டுபிடித்தவராக உன் பெயரைப் போட மட்டும் என்றால் உன் ஒப்பம் தேவையில்லையாம். உரிமையிலும் நீ பங்காளி என்றால் மையில் வைத்த ஒப்பம் வாங்கித் தரச் சொல்கிறார். கூரியர் பிந்தினால் எல்லாம் போய்விடும், பெயரை மட்டும் போட்டு நாளைக்கே கொடுங்கள் என்று அந்தச் சுதாகரனே சொல்கிறான். அம்மாவும் அதையே சொல்கிறாள். எனக்கு யோசித்துக் களைத்துவிட்டது. உன் ஒப்பம் இல்லாமல் விண்ணப்பத்தைக் கொண்டுபோக மாட்டேன். பிந்தினால் பிந்தட்டும், ஊரே அந்தக் கூட்டைக் கட்டி நண்டு பிடிக்கட்டும்.

இதோடு வைத்திருக்கும் படிவத்தில் பென்சிலால் புள்ளடி போட்ட இடத்தில் ஒப்பம் வைத்து, கிடைத்த அன்றைக்கே கூரியரில் போடு. வெயிலில் தொப்பியில்லாமல் நிற்காதே. பூசைக்குப் போக முடியாவிட்டாலும் படுக்கும்போது ஒரு செபம் சொல். தேவமாதா உன்னைக் கைவிடமாட்டா.

அன்புள்ள அப்பா,
ஹெக்டர்

அண்ணா, இது டினோஷா. மூத்தவர் என்று படிவத்தில் முதலில் அப்பாவின் பெயரை எழுதினேன். அப்பா அதைக் கிழித்துவிட்டு வேறு படிவம் எடுக்கச் சொன்னார். முதல் வரியில் உன் பெயர் கோணலாக இருக்கும், அதை மட்டும் அவரே எழுதினார்.