கூட்டுப் பட்டாவில் ஒரு சிறுநீரகம்

திருக்காட்டுப்பள்ளி,
தை 9.

அன்புள்ள அண்ணனுக்கு,

தம்பி பஞ்சநதம் எழுதுவது. பதினோரு வருடமாக நாம் பேசுவதில்லை. போன் செய்தாலும் அணைத்துவிடுகிறீர்கள். அதனால் அண்ணி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரும் சாப்பாட்டுப் பையில் இதை வைத்தனுப்புகிறேன். கிழித்துப் போட்டால் இன்னொன்று எழுதுவேன்.

சம்பா அறுவடை முடிந்தது. உங்கள் வயலுக்கும் நான்தான் மெஷின் வரச் சொன்னேன். வரப்பை மிதிக்காமல் ஓட்டச் சொன்னேன். எந்த வரப்பு என்று உங்களுக்கே தெரியும்.

விஷயத்துக்கு வருகிறேன். என் சிறுநீரகம் உங்களுக்குப் பொருந்துகிறது என்று டாக்டர் சொன்னதும், அவன் குடுக்கறதா இருந்தா எனக்கு வேணாம், அதைச் சொல்லியே வரப்பைக் கேப்பான் என்றீர்களாம். எனக்கு வந்த கோபத்தில் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

திருவாரூரில் உயிரியல் படிக்கிற என் மகள் குந்தவை ஒன்று சொன்னாள். தவிட்டுக்குருவி தன் கூடு, குஞ்சு என்று பார்க்காமல் கூடப்பிறந்ததன் குஞ்சுக்கு இரை கொடுக்குமாம். நல்ல குணத்தால் இல்லையாம். கூடப்பிறந்தவர்கள் உடம்பில் பாதி ஒன்றுதானாம். அண்ணன் பிள்ளை என்றால் கால் பங்கு, பெரியப்பா பிள்ளை என்றால் எட்டில் ஒன்று. எனக்குச் சட்டென்று பிடிபட்டது, கூட்டுப் பட்டாதானே இது. அப்படியெல்லாம் இல்லப்பா என்று தலையில் அடித்துக்கொண்டாள். எனக்குப் புரிந்தது எனக்குப் போதும்.

பெரியப்பா மகன் நெடுமாறன் வந்து, யாரும் கேட்கும் முன்பே தனக்குச் சர்க்கரை இருப்பதைச் சொல்லி, ஆறு ஆரஞ்சு வைத்துவிட்டுப் போனாரே, அவர்மேல் குற்றமில்லை. எட்டில் ஒரு பங்குக்கு ஆறு ஆரஞ்சு அதிகம். ஆனால் அண்ணிக்கு உங்கள் உடம்பில் ஒரு குழி நிலம்கூடக் கிடையாது. அவர்கள்தான் முதல் ஆளாகப் போய்ப் பரிசோதனைக்குப் படுத்தார்கள், பொருந்தாமல் போயிற்று. இது குந்தவையின் கணக்கில் வராது.

ஆகவே நான் செய்வது தர்மமல்ல. பாதி உங்களுடையது, எடுத்துக்கொள்கிறீர்கள். நன்றி சொல்ல வேண்டாம். வரப்பைப் பதிலுக்குக் கேட்க மாட்டேன். அதற்காகக் கேஸை வாபஸ் வாங்குவேன் என்றும் நினைக்க வேண்டாம். அந்த ஓரடி என்னுடையது, அதைக் கோர்ட்டில் பார்த்துக்கொள்வோம்.

என் வீட்டுக்காரி ஜெயபாரதி கொஞ்சம் அழுதுவிட்டுச் சம்மதித்துவிட்டாள். திங்கட்கிழமைக்குள் நீங்கள் கையெழுத்துப் போட வேண்டுமாம். டயாலிசிஸை இனி உங்கள் உடம்பு தாங்காது என்கிறார் டாக்டர்.

எனக்குப் பயமாக இருக்கிறது அண்ணே. கத்திக்கு இல்லை. காலையில் நான் வயலில் இறங்கினால், அந்தப் பக்கம் நின்று ஊருக்குச் சொல்வதுபோல் என்னைத் திட்டுவீர்களே, அது காதில் விழுந்தால் உங்களுக்கு உடம்பு நன்றாயிருக்கிறது என்று நிம்மதியாக வேலையைப் பார்ப்பேன். இரண்டு மாதமாக அந்தப் பக்கம் யாரும் இல்லை.

கையெழுத்துப் போட்டுவிடுங்கள். உங்களுக்குப் பிறகு என்னைத் திட்ட யாருக்கும் உரிமை இல்லை.

காலைத் தொட்டு வணங்கும்
உங்கள் தம்பி
பஞ்சநதம்