காப்பு அவிழ்க்கும் நாள்

ஏப்ரல் 3, 1956
மாரியம்மன் கோவிலில் காப்புக் கட்டிக்கொண்டேன். திருவிழா முடியும்வரை ஊர் எல்லை தாண்டக்கூடாது. யார்மேலும் கை ஓங்கக்கூடாது. கடைசி நாள் அம்மன் முன் சிலம்பம் சுற்றுவதாக நேர்ச்சை. உண்மைக் காரணம் வேறு. சித்தப்பா மலையிலிருந்து இறங்கப்போகிறார் என்று பேச்சு. கையில் இந்த மஞ்சள் கயிறு இல்லாவிட்டால் அந்த ஆளைக் கொன்றே போடுவேன்.

ஏப்ரல் 4
கூட்டாளி மொக்கச்சாமியோடு சிலம்பப் பயிற்சி. கம்பு தலைக்கு மேல் வந்ததும் வழக்கம்போல் கண்ணை மூடிவிட்டேன். "மாப்ளே, கண்ண மூடுனா கம்பு அடிக்காமப் போயிருமா?" என்று சிரித்தான். அவனுக்கென்ன தெரியும். அப்பாவும் அம்மாவும் காய்ச்சலில் போனபின் என்னையும் தங்கச்சி சுருளியையும் மலையில் ஏலக்காய்த் தோட்டத்தில் வளர்த்தவர் சித்தப்பா. வளர்த்தாராம்! காய் உலர்த்தும் கொட்டகையில் நிறுத்தி விறகுக்கட்டையால் அடிப்பார். கண்ணை இறுக்கிக்கொண்டு மாரியாத்தா, மாரியாத்தா என்பேன். தங்கச்சியோடு கீழே ஓடிவந்து இத்தனை வருஷமாகியும் கண் திறக்க மாட்டேன் என்கிறது.

ஏப்ரல் 6
போடிமெட்டு மலைப்பக்கம் ஒரே கருமூட்டம். ஜீப்புச் சத்தம் கேட்டாலே வாசலுக்கு ஓடிப் பார்க்கிறேன்.

ஏப்ரல் 7
வந்துவிட்டார். வாசலில் நின்றபடியே, "சுருளியத் தோட்டத்துக் கங்காணிக்குப் பேசியாச்சு. ரெண்டாந்தாரந்தான். காலையில ஜீப்புல கூட்டிட்டுப் போறேன்" என்றார். என் மணிக்கட்டைப் பார்த்தார். "காப்புக் கட்டியிருக்கயாக்கும். நல்லது."
நான் எல்லை தாண்டிவர முடியாது என்று தெரிந்தே இந்த நாளைப் பார்த்து வந்திருக்கிறார். நான் என்ன செய்ய ஆத்தா? அறுத்து எறிஞ்சிரட்டுமா?

ஏப்ரல் 8
விடிந்ததும் சுருளி ஈரச்சேலையோடு கோவிலிலிருந்து வந்தாள். அவள் கையிலும் மஞ்சள் கயிறு. "இப்ப எப்படி எல்லை தாண்டிக் கூட்டிட்டுப் போறாருன்னு பாப்போம்ணே." எனக்கு ஏன் இது தோன்றவில்லை?
ஜீப்புக்காரர் கயிற்றைப் பார்த்ததும், "காப்புக் கட்டுன பிள்ளைய நான் ஏத்த மாட்டேன்" என்று இறங்கிக்கொண்டார். சித்தப்பா காறித் துப்பினார். "காப்பு அவுக்குற அன்னிக்கு வர்றேன்."

ஏப்ரல் 10
பயமாக இருக்கிறது. வேறொன்றும் எழுத வரவில்லை.

ஏப்ரல் 11
அம்மன் முன் சிலம்பம் சுற்றி முடித்தேன். ஆற்றங்கரையில் பூசாரி எங்கள் காப்பை அவிழ்த்துத் தண்ணீரில் விட்டார். அது மிதந்து போகும்போதே சித்தப்பா சுருளியின் கையைப் பிடித்து இழுத்தார். குறுக்கே போனேன். அதே மாதிரி ஒரு விறகுக்கட்டை, என் தலைக்கு மேலே.
கண் மூடவில்லை.
தடுத்தேன். கட்டை ஆற்றில் விழுந்தது. என் கம்பு அவர் நெற்றிக்கு ஒரு விரற்கடை தள்ளி நின்றது. என் கையில் இப்போது காப்பு இல்லை. அவர் கண்ணை இறுக்க மூடிக்கொண்டிருந்தார்.
கம்பை இறக்கினேன். "போங்க சித்தப்பா. இனிமே இறங்கி வராதீக."
திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார். சுருளி கூழ் குடித்துவிட்டு, கதவைத் தாழ்ப்பாள் போடாமலே தூங்கிவிட்டாள்.